முட்டு ஒரு ஜோடி

பட்டியலை எழுதியது சவுரிராயன். அதில் முதல் வரியை அடித்தது முருகையன். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் போலீஸ் என்ன எழுதியது, ஊர் என்ன பேசியது என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்.

தேதிக் காலண்டரில் கிழித்த தாள் அது. முன்பக்கம் 1986 ஜனவரி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் சவுரியின் கையெழுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். முருகையனும் எட்டாவதுதான், ஆனால் அவன் எழுதியதை மறுநாள் அவனாலேயே படிக்க முடியாது. அதனால், "நீயே எழுது சவுரி. பழைய கார் வேலைக்கு மொதமொதல்ல இன்னா இன்னா சாமான் வேணும்னு பாத்து எழுது" என்று விட்டுவிட்டான்.

சவுரி பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினான். முதல் வரி: "1. முட்டு, இரும்பு – ஜோடி 1." அதற்குக் கீழேதான் ஸ்பானர், திருப்புளி, சுத்தியல் எல்லாம்.

முட்டு என்பது, ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிய பிறகு அடியில் கொடுக்கிற தாங்கல். இரும்பில் மூன்று கால் வைத்துக் கடையில் விற்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான் லாயக்கு. உள்ளே எண்ணெய் கசிந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறவனுடைய உயிர் முட்டின் மேல்தான் நிற்கிறது.

இரண்டு பேரும் விழுப்புரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் பதினான்கு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். முதலாளி வீட்டு அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். பஸ்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஷெட்டைப் பூட்டினார்கள், வேலைக்காரர்களுக்குக் கும்பிடு போட்டார்கள். பதினான்கு வருஷம் கருப்பு எண்ணெயில் ஊறிய இந்த நாலு கைகளுக்கும் சொந்தமென்று ஒரு ஸ்பானர்கூடக் கிடையாது. எல்லாம் கம்பெனிச் சாமான்.

பழைய கார் யோசனை சவுரியுடையது. பாண்டிச்சேரியில் அந்தக் காலத்து பிளஷர் கார்களைத் தேடி வாங்கி ஓட்டுகிற ஒரு கிறுக்கு அப்போது கிளம்பியிருந்தது. இந்தப் பக்கத்து மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகைகளில் மோரிஸும் ஆஸ்டினும் ஹில்மேனும் கோழி அடைகாக்கத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றை ஓட வைக்கத் தெரிந்த ஆள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே சவுரியைத் தவிர யாரும் இல்லை. முருகையனுக்கு முகையூர்ப் பக்கம் கொஞ்சம் நிலமிருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட காசு கையில் இருந்தது. திண்டிவனத்தில் மாமனாருடைய பழைய மல்லாட்டை மண்டி, மரக்காணம் ரோட்டில், சும்மா கிடந்தது. காசும் இடமும் அவனுடையது, வித்தை இவனுடையது. கூட்டுச் சேர்ந்தார்கள்.

கூட்டு என்றால் கூட்டுதான், ஆனால் சவுரி மூன்று வயது மூத்தவனாக இருந்தும் முருகையனை "அண்ணே" என்பான், "வாங்க, போங்க" என்பான். முருகையன் அவனை "சவுரி, வா, போ" என்பான். ஊர்த்தெருவில் பிறந்தவனுக்கும் காலனியில் பிறந்தவனுக்கும் பேச்சு அப்படித்தான் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. முருகையன் கெட்டவன் இல்லை. சவுரி வீட்டுக்குப் போயிருக்கிறான், அவன் பெண்டாட்டி குப்பம்மாள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறான், அதற்காக வீட்டில் வசவும் வாங்கியிருக்கிறான். ஆனால் இந்தப் பேச்சு மாறவில்லை. மாற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

அதே மாதிரிதான் வேலையும். வண்டியில் மேல் வேலை, கீழ் வேலை என்று இரண்டு உண்டு. என்ஜின், கார்புரேட்டர், ஒயரிங் மேல் வேலை. நின்றபடி செய்யலாம், சட்டை அவ்வளவாக அழுக்காகாது. அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணில் மண்ணும் கிரீஸும் கொட்டச் செய்வது கீழ் வேலை. கம்பெனி ஷெட்டில் கீழ் வேலை முழுக்கச் சவுரிக்குத்தான் வந்தது. யாரும் சட்டம் போடவில்லை. பதினான்கு வருஷத்தில் முருகையன் வண்டிக்கு அடியில் படுத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஷெட்டில் ஒரு பழக்கம் இருந்தது. அடியில் போகிறவன் தலையை உள்ளே விடுவதற்கு முன்னால், "முட்டு இன்னா?" என்று சத்தம் போட்டுக் கேட்பான். மேலே நிற்கிறவன் "இரும்பு" என்றோ "கட்டை" என்றோ பதில் சொல்வான். பதில் வராமல் ஒருத்தனும் உள்ளே போக மாட்டான். இவர்கள் காலத்துக்கு முன்னால், செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்ததில் ஒருத்தன் நசுங்கிப்போனானாம். அதிலிருந்து வந்த பழக்கம். "கட்டைன்னா ஒடையறதுக்கு முன்னாடி மொனகும்ணே" என்பான் சவுரி. "அந்த சத்தத்துல வெளிய வந்துடலாம். கல்லு சொல்லாம கொள்ளாம போயிடும்." கேட்கிறவன் எப்போதும் சவுரி. பதில் சொல்கிறவன் எப்போதும் முருகையன்.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் சீனுவாசன் என்பவருடைய சாமான் கடை. தை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் அங்கே போய் நின்றார்கள். சீனுவாசன் முருகையனைத்தான் பார்த்துப் பேசினார். சாமானை எடுத்துப் பார்த்ததெல்லாம் சவுரி.

சவுரி பொறுக்குவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. ஒவ்வொரு ஸ்பானரின் வாயிலும் கட்டைவிரலை விட்டுப் பார்ப்பான், இரண்டைச் சேர்த்துத் தட்டிக் காதில் கேட்பான். கடைக்காரர் எடுத்துப் போட்ட மில்லிமீட்டர் செட்டை அப்படியே தள்ளிவிட்டான்.

"பதிமூணாம் நம்பரும் அரை இஞ்சியும் ஒண்ணுதானேப்பா? அதுல இது பூருது, இதுல அது பூருது" என்றார் சீனுவாசன்.

"கண்ணுக்கு ஒண்ணுதாங்க. நட்டுக்குத் தெரியும். நாலு தபா திருப்பினா மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாயிடும். இதெல்லாம் வெள்ளக்காரன் செஞ்ச வண்டி, இஞ்சிக் கணக்கு. அந்த இஞ்சியிலயே ரெண்டு ஜாதி இருக்குதுங்க."

"அதுலயுமா?" என்று சிரித்தார் கடைக்காரர். முருகையனும் சிரித்தான்.

ரிங் ஸ்பானர், இரண்டு பக்கம் வாய் வைத்த ஸ்பானர், பிளக் ஸ்பானர், இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ், கட்டிங் பிளேயர், பித்தளைச் சுத்தியல் ஒன்று, இரும்புச் சுத்தியல் ஒன்று, கிரீஸ் கன், பாட்டில் ஜாக்கி. எல்லாம் சாக்கின் மேல் வரிசையாக வந்தது. கடைசியில் மூலையிலிருந்து ஒரு ஜோடி இரும்பு முட்டுகளைச் சவுரியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். மொத்தையாக, கருப்பாக, அழகே இல்லாத சாமான்.

அப்போதுதான் சீனுவாசன் அலமாரியைத் திறந்து சிவப்புத் தகரப் பெட்டி ஒன்றை எடுத்தார். வியாபாரி என்றால் அப்படித்தான், எதை எப்போது எடுப்பது என்று தெரியும். மூடியைத் திறந்தார். நட்டின் மேல் கவிழ்த்துத் திருப்புகிற சாக்கெட், இஞ்சிக் கணக்கில் முழு செட். குரோமியம் பூசி, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. நீளக் கைப்பிடி, கட்கட் என்று சத்தம் போடும் ராட்செட், எல்லாம் அதனதன் குழியில் படுத்திருந்தது.

"மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தர் கேட்டு வரவழைச்சது. அவரு வரல. இஞ்சி செட்டு இந்த ஊர்ல மறுபடி பாக்க முடியாது" என்றார்.

முருகையனுக்குப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ராட்செட்டைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தான். என்ஜின் தலையில் இருக்கிற போல்ட்டுகளை இதை வைத்துக் கழற்றினால் எப்படி இருக்கும் என்று யோசித்தான். வருகிற பார்ட்டிகள் இந்தப் பெட்டியைப் பார்த்தாலே மரியாதை தானாக வருமே என்றும் யோசித்தான். இருந்த காசுக்குச் சாக்கெட் செட் வாங்கினால் முட்டு இல்லை, முட்டு வாங்கினால் சாக்கெட் செட் இல்லை.

"சவுரி, முட்டு அடுத்த தபா வாங்கிக்கலாம். இது மறுபடி கெடைக்காது."

சவுரி இரும்பு முட்டின் மேல் கையை வைத்தான். "அது மேல் வேலைக்குண்ணே. ஸ்பானர் வச்சே சமாளிச்சிக்கலாம். முட்டு மொதல்ல வேணும்."

"அந்தக் கழுதைய பஸ்ல எப்புடிடா தூக்கிக்கினு போறது? கண்டக்டரு ஏத்தவே மாட்டான். கட்டை வச்சுச் செய்யலாம். கம்பெனில எத்தினி வருசம் கட்டை வச்சுச் செஞ்சோம்."

"காசு ஒங்குளுது. பாத்துச் செய்யுங்க" என்றான் சவுரி.

முருகையன் அவன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்தான். முதல் வரியை அடித்தான். பட்டியலை மடித்துச் சிவப்புப் பெட்டியின் மூடிக்குள் செருகினான். வழி முழுக்கப் பெட்டி அவன் மடியிலேயே இருந்தது. சவுரி அந்த இரும்பு முட்டுகளை மறுபடி மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததை அவன் கவனிக்கக்கூட இல்லை.

வேலை வந்தது. நினைத்ததற்கு மேலேயே வந்தது. சவுரி விழுப்புரம் ரயில்வேயில் தெரிந்த கேங்மேனைப் பிடித்து, கழித்துப் போட்ட சிலீப்பர் கட்டையில் மூன்று துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். நாலாவது துண்டு கிடைக்கவில்லை. மாசி மாசத்துக்குள் ஒரு ஹில்மேனை ஓட்டி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஒரு மோரிஸ் வந்து, மெட்ராஸிலிருந்து வர வேண்டிய சாமானுக்காக இரண்டு கட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. "அடுத்த தபா" என்ற பேச்சு பிறகு வரவில்லை. வரும் காசுக்கு ஆயிரம் வழி இருந்தது.

அந்த மாசிப் பவுர்ணமிக்கு முருகையன் பெண்டாட்டியோடு திருவக்கரை வக்கிரகாளி அம்மன் கோயிலுக்குப் போனான். அந்த ஊரில் நிலத்தில் கல்மரம் கிடக்கும். என்றைக்கோ மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள். வேலி போட்ட இடத்துக்கு வெளியே, வாய்க்கால் ஓரம் முழ நீளத்தில் ஒரு துண்டு கிடந்தது. மரத்தில் இருக்கிற ரேகை, முடிச்சு, பட்டை எல்லாம் அப்படியே இருந்தது. அம்மன் ஊர் மரம், ஷெட்டுக்கு நல்லது என்று சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, குங்குமம் வைத்து வாசலில் போட்டான்.

மறுநாள் சோறு கொண்டுவந்த குப்பம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் பிறந்தது திருவக்கரை.

"ஐய, எங்க ஊரு கல்லு! இதுக்குப் போயி குங்குமம் வச்சிருக்கீங்களேண்ணே. நாங்க சின்னதுல இத எடுத்துப் போட்டு ஒடச்சி வெளையாடுவோம். பாக்கத்தான் கனம். ஒரு பக்கமா அடிச்சா பட்டுனு பொளந்துக்கும்."

"பாத்தா மரமாட்டம் இருக்குது" என்றான் சவுரி.

"மரந்தான். அம்மன் ஊரு மரம்" என்றான் முருகையன்.

பங்குனியில் அரிசி மில் வைத்திருந்த வெங்கடாசலம் தன் அப்பா காலத்து ஆஸ்டினைக் கொண்டுவந்து விட்டார். மகளுக்குக் கல்யாணம். பெண் அழைப்புக்கு அந்த வண்டியில்தான் பெண் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்ஜின் வேலை முடிந்தது. பின்பக்கம் இடது ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்ததைக் கடைசியில்தான் பார்த்தார்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, பாடியை முட்டில் நிறுத்தி, அடியில் படுத்துத்தான் செய்ய வேண்டும். கட்டை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெங்கடாசலம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முருகையா, சாயங்காலம் வண்டி வூட்ல நிக்கணும். பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு. என்னைப் பேஜாரு பண்ணாத, ஜல்தி பாரு."

"ஒரு கட்டை கொறையுதுண்ணே" என்றான் சவுரி. "டீ குடிச்சிட்டு மரவாடில கேட்டுக்கினு வர்றேன். அவன் பத்து மணிக்குத்தான் தொறப்பான்."

சவுரி போனான். வெங்கடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தடவை "த்சு" என்றார். அதற்கு முருகையனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஜாக்கியைப் போட்டு வலது பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சிலீப்பர் கட்டையைக் கொடுத்தான். இடது பக்கத்தைத் தூக்கி அந்தச் சக்கரத்தையும் கழற்றினான். கொடுக்க ஒன்றும் இல்லை. வாசலைப் பார்த்தான்.

வெங்கடாசலம் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிமிர்த்தி வைத்தான். உயரம் செய்து வைத்த மாதிரி சரியாக இருந்தது. ஜாக்கியை இறக்கினான். வண்டி அதன் மேல் உட்கார்ந்தது. கையால் அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. எத்தனையோ காலமாகக் கெட்டுப்போகாமல் கிடந்த மரம், ஒரு காரையா தாங்காது என்று மனசு சொன்னது. பிறகு ஒரு காரியம் செய்தான். எண்ணெய் துடைக்கிற சாக்கை எடுத்து அதன் மேல் சுற்றினான். இரும்பு வழுக்காமல் இருக்கத்தான் சுற்றினேன் என்று பின்னால் தனக்குத்தானே எவ்வளவோ தடவை சொல்லிப் பார்த்தான். சிலீப்பர் கட்டைக்கு ஏன் சுற்றவில்லை என்ற கேள்வி மட்டும் அவனை விடவில்லை.

சவுரி வெறுங்கையோடு வந்தான். மரம் விற்கிற அந்த மரவாடி திறந்திருக்கவில்லை. இடது பக்கமும் முட்டில் நிற்பதைப் பார்த்தான்.

"கட்டை கெடச்சிருச்சாண்ணே?"

"ம். பூரு, பூரு. நேரமாவுது" என்று வண்டிக்கு அடியில் கை காட்டினான் முருகையன்.

சவுரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பட்டைப் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று தெரியும். அதனால் சிவப்புப் பெட்டியைத் திறந்து சாக்கெட்டையும் அந்த நீளக் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டான். சாக்கை விரித்து மல்லாந்து படுத்தான். தலையை உள்ளே விடுவதற்கு முன்னால் நிறுத்தினான்.

"முட்டு இன்னா?"

முருகையன் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். சவுரியின் கால் மட்டும் தெரிந்தது. பதினான்கு வருஷமாகச் சொன்ன பதில் அது. யோசிக்காமல் வாயில் வரும்.

"கட்டை" என்றான்.

சவுரி உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். "அசைய மாட்டேங்குதுண்ணே" என்ற குரல். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கைப்பிடியை அவன் எம்பி இழுத்தான் போலிருக்கிறது. வண்டி லேசாக ஆடியது. பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மரம் முனகுகிற சத்தமோ, ஜாக்கிரதை என்று சொல்கிற எதுவுமோ வரவில்லை. ஆஸ்டின் இடது பக்கமாக இறங்கிப் படுத்தது. சவுரியின் கால் ஒரு தடவை உதைத்துக்கொண்டது.

வெங்கடாசலம் கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பத்துப் பேர் வந்து வண்டியைத் தூக்கினார்கள். யாரோ ஒரு வேனை மறித்தார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். முருகையன் சவுரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். சவுரி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி வாய் அசைந்தது. கிளியனூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மத்தியானம் முருகையன் ஷெட்டுக்குத் திரும்பினான். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. போலீஸ் இன்னும் வரவில்லை. கல்மரம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் இருந்த பள்ளத்தில் போட்டு, மேலே மல்லாட்டைத் தோலைத் தள்ளினான். மோரிஸுக்கு அடியிலிருந்த சிலீப்பர் கட்டை ஒன்றை ஜாக்கி போட்டு உருவி, ஆஸ்டின் பக்கத்தில் சாய்த்துப் போட்டான். இதையெல்லாம் ஒரு மனுஷன் செய்வானா என்று கேட்டால், செய்தான். அழுதுகொண்டே செய்தான். அழுததால் கை நிற்கவில்லை.

"முட்டு எது?" என்று கேட்டார் வந்த போலீஸ்காரர்.

"கட்டைங்க."

"கட்டை நல்லாத்தானே இருக்கு. சரியா பாத்து வைக்காம உள்ளே போயிருக்கான்" என்று அவரே சொல்லிக்கொண்டு, வேலையாளின் அஜாக்கிரதை என்று எழுதினார். முருகையன் கையெழுத்துப் போட்டான்.

காலனிக்குப் பின்னால் இருந்த கல்லறையில் சவுரியைப் புதைத்தார்கள். முருகையன் மண் போட்டான். அவன் அழுததைப் பார்த்து, சொந்தத் தம்பிகூட இப்படி அழமாட்டான் என்று காலனி ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்ததும் அவன் கூட்டத்தை விட்டு விலகிப்போய் நின்றான். வெங்கடாசலம் பெண் அழைப்புக்கு வேறு கார் பிடித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், காலை பத்து மணிக்குக் குப்பம்மாள் ஷெட்டுக்கு வந்தாள். ஆணியில் இன்னும் சவுரியின் சட்டை தொங்கியது. அதை எடுத்து மடித்து இடுக்கிக்கொண்டாள்.

"அவரு சாமான் எதுனா இருந்தா எடுத்துக்கினு போலாம்னு வந்தேண்ணே. எந்தம்பி பாண்டில ஒரு கராஜுல சேர்றான். அவனுக்கு ஆவும்."

முருகையனுக்கு அதைக் கேட்டதும் எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்தது. சாக்கை விரித்தான். ரிங் ஸ்பானர், பிளக் ஸ்பானர், சுத்தியல், கிரீஸ் கன் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்தான். கடைசியில் சிவப்புப் பெட்டியையும் கொண்டுவந்து திறந்து வைத்தான்.

"எது வேணுமோ எடுத்துக்க குப்பம்மா. எல்லாத்தையுமே எடுத்துக்கயேன். இதெல்லாம் அவன் பொறுக்கினதுதான்."

அவள் எதையும் எடுக்கவில்லை. சாக்குக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவரு கேட்டாராண்ணே?"

"இன்னாது?"

"முட்டு இன்னான்னு." அவள் தலை நிமிரவில்லை. "வூட்ல கட்டிலுக்கு அடியில நான் பெருக்கக் குனிஞ்சா, நின்னுக்கினு வெளையாட்டுக்குச் சொல்லுவாரு, 'முட்டு இன்னான்னு கேட்டுட்டுப் பூருடி'ன்னு. நான் கட்டைம்பேன். செரி, போன்னுவாரு. வெளையாட்டுக்கே கேக்கறவரு. டேசன்ல அஜாக்கிரதைன்னு எழுதியிருக்காங்கண்ணே. அது எப்புடி? அவரு கேக்காம பூர மாட்டாரே."

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கேட்டான்" என்றான் முருகையன்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கட்டைன்னு சொன்னேன்."

"கட்டையா இருந்திச்சா?"

கட்டை என்று ஒரு தடவை சொன்னதில் ஒரு ஆள் போய்விட்டான். போலீஸிடம் அதையே சொன்னதில் அவன் பேரும் போய்விட்டது. மூன்றாவது தடவை சொன்னால் இவளும் நம்பிப் போய்விடுவாள், தம்பிக்கு ஸ்பானரை எடுத்துக்கொண்டு. அதற்கப்புறம் கேட்க ஒருத்தரும் வரமாட்டார்கள். இது முருகையனுக்கு நன்றாகத் தெரிந்தது.

எழுந்து பின்பக்கம் போனான். பள்ளத்தில் இறங்கி, மல்லாட்டைத் தோலை விலக்கி, பிளந்த கல்லில் பெரிய துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாக்கின் மேல், சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்லு" என்றான்.

குப்பம்மாள் அதையே பார்த்தாள். பிளந்த பக்கத்தை விரலால் தொட்டாள். அலறுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"பட்டுனு பொளக்கும்னு சொன்னனே. இங்கதான் நின்னுக்கினு சொன்னேன். கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவள் கண், திறந்திருந்த பெட்டி மூடியில் செருகியிருந்த காலண்டர் தாளுக்குப் போனது. உருவி விரித்தாள். புருஷன் கையெழுத்து. அவளுக்கும் மிஷன் பள்ளிக்கூடம்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மேலே அடித்திருந்த வரியின் மேல் விரலை வைத்து, பென்சில் கோட்டுக்கு அடியிலிருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஒண்ணு. முட்டு. இரும்பு. ஜோடி ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினாள். "இத யாரு அடிச்சது?"

"நான்தான்."

"இன்னாத்துக்கு?"

அவன் சிவப்புப் பெட்டியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

குப்பம்மாள் தாளை மடித்துச் சவுரியின் சட்டைப் பையில் வைத்தாள். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எதையும் தொடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அத எடு" என்றாள் கல்லைக் காட்டி. "டேசனுக்குப் போலாம். வா."

அந்த வாயில் அண்ணே இல்லை, ங்க இல்லை. முருகையன் குனிந்து கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மரக்காணம் ரோட்டில் நல்ல வெயில். அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் போனான். கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மில் வாசலில் வெங்கடாசலம் நின்றுகொண்டிருந்தார். "இன்னா முருகையா, எங்க போற?" என்று கேட்டார். முருகையன் நடையை நிறுத்தவில்லை. கல் அவன் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. வழியில் எங்கேயும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.